சுடாமல் ஜெயிக்கச் சொல்லும் கேம்: மெட்டல் கியர் தொடரின் கடைசி பாகம்

கம்ப்யூட்டர் கேம் என்றாலே கண்ணில் பட்டவனை எல்லாம் சுட்டுத் தள்ளுவதுதான் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இதைச் சொல்லியே பிள்ளைகளுக்குக் கேம்ஸ் கூடாது என்று பெற்றோர் தடை போடுவதும் உண்டு. ஆனால் சுடாமல் இருப்பதையே திறமையாகக் கருதும் கேம் வகை ஒன்றும் இருக்கிறது. எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிச் சென்று, வந்த வேலையை முடித்து, வந்த சுவடு தெரியாமல் வெளியேற வேண்டும். இவ்வகை கேம்களை ஸ்டெல்த் கேம்கள் என்று அழைக்கிறார்கள்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது ஜப்பானின் கோனாமி நிறுவனம் வெளியிட்ட மெட்டல் கியர் தொடர். 1987 ஆம் ஆண்டு தொடங்கிய இந்தக் கதை, 2015 செப்டம்பர் 1 அன்று வெளியான மெட்டல் கியர் சாலிட் 5: த பேன்டம் பெயின் என்ற பாகத்தோடு நின்று போனது. கம்ப்யூட்டரிலும் விளையாடக் கூடிய இந்தக் கடைசி பாகத்தைத்தான் இந்த மாதம் எடுத்துக் கொண்டிருக்கிறேன். இதில் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறையில் பிறந்த யோசனை

1986ல் கோனாமியில் வேலைக்குச் சேர்ந்த ஹிடியோ கோஜிமாவிடம், எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற வீட்டு உபயோகக் கம்ப்யூட்டருக்காக ஒரு போர் கேம் தயாரிக்கும் வேலை வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் திறன் மிகக் குறைவு. பல வீரர்களையும் பாயும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் திரையில் காட்டினால் உருவங்கள் மினுக்கி மறையும். வீரர்களைக் காட்டவே முடியாத மெஷினில் போரை எப்படிக் காட்டுவது?

கோஜிமா கேமைத் தலைகீழாகத் திருப்பினார். எதிரிகள் சிலர் மட்டுமே இருக்கட்டும். அவர்களோடு சண்டை போடாமல் தப்பிப்பதே விளையாட்டாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். ஸ்நேக் என்ற ஒற்றை வீரன் எதிரிக் கோட்டைக்குள் பதுங்கிப் பதுங்கிச் செல்லும் மெட்டல் கியர் இப்படித்தான் பிறந்தது. 1990ல் இரண்டாம் பாகம் வந்தது. 1998ல் பிளேஸ்டேஷனுக்காக முப்பரிமாணத்தில் வந்த மெட்டல் கியர் சாலிட் தொடரை உலகம் முழுக்கக் கொண்டு சென்றது. 2001, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன.

பிற்காலத்தில் வந்த மெஷின்களுக்கு அந்தப் பழைய குறை இல்லை. திரையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் காட்டலாம். ஆனாலும் "சுடாமல் முடிக்க முடியுமா?" என்ற கேள்வியைக் கோஜிமா விடவில்லை. கடைசி பாகத்தில் அந்தக் கேள்வியை நம் மனதைத் தொடும் அளவுக்குக் கொண்டு வந்து விட்டார்.

பலூனில் பறக்கும் எதிரி

கதை நடப்பது 1984ல். ஒன்பது ஆண்டுகள் கோமாவில் கிடந்த ஸ்நேக், சைப்ரஸ் நாட்டு மருத்துவமனை ஒன்றில் கண் விழிக்கிறான். இடது கை போய் விட்டது. தலையில் ஒரு துண்டு கொம்பு போல நீட்டிக் கொண்டிருக்கிறது. அங்கிருந்து தப்பி, அப்போது சோவியத் படைகளின் பிடியில் இருந்த ஆப்கானிஸ்தானுக்குச் செல்கிறான். பின்னர் ஆப்பிரிக்காவில் அங்கோலா, ஜயர் எல்லைப் பகுதிக்கும் கதை நகர்கிறது. ஜயர் என்பது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் அன்றைய பெயர்.

முந்தைய பாகங்களில் அறை அறையாகச் செல்ல வேண்டும். இதில் பரந்த நிலப்பரப்பு முழுவதும் உங்கள் கையில். முகாமுக்கு எந்தப் பக்கத்தில் இருந்து போவது, பகலிலா இரவிலா, குதிரையிலா நடந்தா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். முக்கிய மிஷன்கள் 50. துணை வேலைகள் 157.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபுல்டன் பலூன். மயக்க மருந்துத் துப்பாக்கியால் தூங்க வைத்த காவலாளியின் முதுகில் இதை மாட்டி விட்டால், அவன் விர்ரென்று வானத்தில் பறந்து போவான். சில காலம் கழித்து உங்கள் படையில் ஒருவனாகி விடுவான். நடுக்கடலில் உள்ள மதர் பேஸ் என்ற தளத்தில் அவனுக்கு வேலை தரப்படும். ஒருவன் ஆயுத ஆராய்ச்சியில் கெட்டிக்காரனாக இருப்பான், இன்னொருவன் மருத்துவத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயரும் திறமைப் பட்டியலும் உண்டு. தளத்திற்கு நேரில் போனால் நின்று சல்யூட் அடிப்பார்கள்.

இங்கே கணக்கு மாறுவதைக் கவனியுங்கள். மற்ற கேம்களில் எதிரியைக் கொன்றால் பாயிண்ட். இதிலோ கொன்றால் உங்களுக்கு வரவிருந்த ஒரு ஆளை நீங்களே இழக்கிறீர்கள். அதனால் நான் விளையாடும்போது, யாரையும் சுடுவதற்கு முன் பைனாகுலரில் அவனுடைய திறமையைப் பார்ப்பது வழக்கமாகி விட்டது. பார்த்த பிறகு சுட மனம் வருவதில்லை.

இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்களை அதிகமாகக் கொன்று குவித்தால், ஸ்நேக்கின் தலையில் உள்ள கொம்பு நீளும். ஒரு கட்டத்தில் உடல் முழுவதும் ரத்தம் படிந்து, கழுவினாலும் போகாது. இதற்கான மதிப்பெண்கள் திரையில் காட்டப்படுவதில்லை. கண்ணாடி காட்டுவது போல உங்கள் நடத்தையை அவன் உருவமே காட்டி விடும்.

எதிரியும் கற்றுக் கொள்கிறான்

ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்து ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து தலையில் சுட்டால், அடுத்த முறை காவலாளிகள் ஹெல்மெட் அணிந்து வருவார்கள். இரவிலேயே புகுந்தால், இருட்டில் பார்க்கும் கருவியோடு காத்திருப்பார்கள். மயக்க வாயு வீசினால் முகமூடி போட்டுக் கொள்வார்கள். நீங்கள் உங்கள் ஆட்களை அனுப்பி, அவர்களின் ஹெல்மெட் கிடங்கை அழித்து வரச் செய்யலாம். சதுரங்கம் போல இருபக்கமும் யோசித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

மொழியே ஆயுதம்

இந்தக் கேமின் வில்லன் பெயர் ஸ்கல் ஃபேஸ். இவன் பிறந்த கிராமத்தை அந்நியப் படைகள் பிடித்துக் கொண்டன. எஜமானர்கள் மாற மாற, அவன் பேச வேண்டிய மொழியும் மாறியது. தாய்மொழியைப் பறிகொடுத்த இவன், உலகை ஆளும் ஆங்கிலத்தையே ஒழித்துக் கட்டக் கிளம்புகிறான். அதற்கு இவன் பயன்படுத்தும் ஆயுதம், தொண்டையில் குடியேறும் ஒரு கற்பனை ஒட்டுண்ணி. குறிப்பிட்ட ஒரு மொழியைப் பேசினால் மட்டும் அது பெருகி ஆளைக் கொல்லும்.

விளையாட்டிலும் மொழிக்கு இடம் உண்டு. ஆப்கானிஸ்தானில் காவலாளிகள் ரஷ்ய மொழியில் பேசுவார்கள். உங்களுக்குப் புரியாது. ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து மதர் பேஸுக்கு அனுப்பிய பிறகுதான், அவர்கள் பேச்சின் மொழிபெயர்ப்பு திரையில் வரும். மொழி தெரிந்தவனின் மதிப்பை இதைவிட அழகாக ஒரு கேமில் நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு மிஷன்

கதை தெரியாமல் விளையாட விரும்புபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

43ஆவது மிஷனில் அந்த ஒட்டுண்ணி உங்கள் தளத்திலேயே பரவி விடுகிறது. நோய் கண்டவர்கள் தனியாக அடைக்கப்பட்ட கட்டடத்திற்குள் நீங்கள் மட்டும் செல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் வெளியே போனாலும் உலகத்திற்கே ஆபத்து. மருந்து இல்லை. உங்கள் ஆட்களை நீங்களே சுட வேண்டும்.

ஓர் அறையில் வீரர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். யாரும் ஓடவில்லை, எதிர்க்கவும் இல்லை. சாகிறவர்கள் வெறும் பொம்மைகள் அல்லர். நீங்கள் மணிக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, கொல்லாமல் காப்பாற்றி, பலூனில் கட்டி அனுப்பிய அதே ஆட்கள். அவர்கள் பெயர் உங்கள் பட்டியலில் இருந்து நிரந்தரமாக நீங்கும். நானும் இங்கே மவுஸ் பட்டனை அழுத்தாமல் சிறிது நேரம் அப்படியே நின்றேன். நின்று பயன் இல்லை, கேம் நகராது.

கேம் முழுவதும் கொல்லாமல் இருக்கப் பழக்கி விட்டு, கடைசியில் சுடச் சொல்வதுதான் இதன் அடி. பார்த்தவனை எல்லாம் சுடும் கேமில் இந்தக் காட்சி வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் மறந்து போயிருக்கும்.

முடியாத முடிவு

இதோடு கதை ஒழுங்காக முடிந்ததா என்றால், இல்லை. முதல் அத்தியாயம் 31 மிஷன்களில் விறுவிறுப்பாக முடிகிறது. இரண்டாம் அத்தியாயத்திலோ பழைய மிஷன்களே கடினமாக்கப்பட்டுத் திரும்ப வருகின்றன. சில சிறுவர்கள் ஒரு ராட்சத ரோபோவைத் திருடிக் கொண்டு போகிறார்கள். அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது கேமில் இல்லை. 51ஆவது மிஷனாக வந்திருக்க வேண்டிய அந்தப் பகுதியின் அரைகுறைக் காட்சிகள், கலெக்டர்ஸ் எடிஷனோடு வந்த வீடியோவில் மட்டும் இடம் பெற்றன.

கேம் வெளிவருவதற்கு முன்பே அட்டைப் படத்திலிருந்து கோஜிமாவின் பெயர் நீக்கப்பட்டது. ஆனால் உள்ளே, ஒவ்வொரு மிஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் டி.வி. தொடர் போல அவர் பெயர் வந்து கொண்டே இருக்கும். 2015 டிசம்பரில் அவர் கோனாமியை விட்டு விலகி, சொந்த நிறுவனம் தொடங்கினார். 2018ல் அவர் இல்லாமல் வந்த மெட்டல் கியர் சர்வைவ் ஒரு கிளைக் கதைதான். 2025ல் வந்த மெட்டல் கியர் சாலிட் டெல்டா, 2004ல் வந்த மூன்றாம் பாகத்தின் புது வடிவம்.

அணுகுண்டே இல்லாத உலகம்

ஆன்லைனில் விளையாடுபவர்கள் தங்கள் தளத்தில் அணு ஆயுதம் தயாரித்து வைத்துக் கொள்ளலாம். அது இருந்தால் மற்றவர்கள் தாக்கத் தயங்குவார்கள். ஆனால் ஒரு மெஷின் வகையில் விளையாடும் அனைவருடைய அணு ஆயுதங்களும் அழிக்கப்பட்டு எண்ணிக்கை பூஜ்யத்திற்கு வந்தால், ஒரு ரகசியக் காட்சி திறக்கும் என்று வைத்தார் கோஜிமா. ஒருவர் அழித்தால் இன்னொருவர் தயாரிப்பார். நிஜ உலகின் கதைதான்.

ஆனாலும் பலர் விடவில்லை. பிறர் தளங்களில் பதுங்கிப் புகுந்து, குண்டுகளைத் திருடி வந்து அழித்தார்கள். 2020 ஜூலையில், பிளேஸ்டேஷன் 3ல் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டது. கேம் வந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 மே மாதத்தோடு பிளேஸ்டேஷன் 3க்கான ஆன்லைன் சேவை நிறுத்தப்பட்டது. எம்.எஸ்.எக்ஸ்.2ல் ஓரிரு காவலாளிகளைத் தாண்டிச் செல்வதில் தொடங்கிய யோசனை, முகம் தெரியாத பலர் சேர்ந்து ஆயுதத்தை ஒழிப்பதில் வந்து நின்றது. கோஜிமா எழுதாமல் விட்ட முடிவை விளையாடியவர்களே எழுதிக் கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

கேம் வெளியானபோது அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவைகள்: இன்டெல் கோர் ஐ5 4460 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 2 ஜிபி மெமரி கொண்ட என்விடியா ஜிடிஎக்ஸ் 650 கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் 28 ஜிபி காலியிடம். நன்றாக ஓட கோர் ஐ7 4790, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 760 பரிந்துரைக்கப்பட்டது. 64 பிட் விண்டோஸ் 7 போதும் என்று அப்போது சொன்னார்கள். ஆனால் கேமை இயக்கத் தேவையான ஸ்டீம் புரோகிராம் 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7ஐ ஆதரிப்பதில்லை. எனவே விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது இருப்பது நல்லது.

வாங்கும் முன் சில டிப்ஸ்

* பழைய டிவிடி பெட்டி எங்காவது கிடைத்தால் ஏமாந்து விட வேண்டாம். கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கில் ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டுமே இருந்தது. கேம் முழுவதையும் இன்டர்நெட் மூலம்தான் டவுன்லோட் செய்ய வேண்டும். டேட்டா அளவு பார்த்துத் தொடங்குங்கள்.

* ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக ஓடுகிறதா என்று அதற்குள் சோதித்து விடுங்கள்.

* 2016ல் வந்த டெஃபினிட்டிவ் எக்ஸ்பீரியன்ஸ் பதிப்பில், முன்கதையான கிரவுண்ட் ஜீரோஸும் சேர்ந்தே கிடைக்கும். ஒரே முகாமில் நடக்கும் சிறிய கேம் அது. பதுங்கிப் பழக அதில் தொடங்குங்கள்.

* 1987ன் முதல் கேமைப் பார்க்க ஆசையா? 2023ல் வந்த மாஸ்டர் கலெக்ஷன் முதல் தொகுதியில் அதுவும் உண்டு.

* துப்பாக்கியின் சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் சுடச் சுடத் தேயும். கண்டபடி சுடாதீர்கள்.

* ஆப்கானிஸ்தானில் நாய்க்குட்டி ஒன்று எதிர்ப்பட்டால் அதையும் பலூனில் அனுப்பி வையுங்கள். வளர்ந்த பிறகு எதிரிகளை மோப்பம் பிடித்துக் காட்டும் நல்ல துணை.

* இது பெரியவர்களுக்கான கேம். வன்முறையும் சித்திரவதைக் காட்சிகளும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

அவசரப்படாமல் விளையாடுங்கள். ஒரு முகாமைச் சுற்றி வந்து நோட்டம் பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆனாலும் தவறில்லை. காவலாளி ஒருவனுக்குக்கூடத் தெரியாமல், ஒரு தோட்டாகூட வீணாக்காமல் வெளியே வந்து பாருங்கள். நூறு பேரைச் சுட்டாலும் அந்தத் திருப்தி கிடைக்காது.