பீடத்துக்கு இப்புறம்

ஞாயிறு திருப்பலியில் குருவானவருக்கென்று மட்டும் ஒதுக்கப்பட்டவை எவை என்று எண்ணிப் பார்த்தால் அதிகம் தேறாது. நற்செய்தி வாசிப்பும் மறையுரையும் அவருக்கும் திருத்தொண்டருக்கும் உரியவை. அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும் நற்கருணை மன்றாட்டு அவருக்கே உரியது. மற்றபடி அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் ஊர்க்காரர்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வேர்க்கோடு, மண்டபம் என்று இந்தக் கரையில் எங்கே போனாலும் முன்னுரை சொல்பவர், முதல் வாசகமும் இரண்டாம் வாசகமும் வாசிப்பவர்கள், பதிலுரைப் பாடலை எடுத்துக் கொடுப்பவர், மன்றாட்டு சொல்பவர்கள், பாடகர் குழு, பீடச்சிறார், பீடத்துக்குத் துணி விரித்துப் பூ வைப்பவர்கள் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. பெரும்பாலும் யாரும் கூலி வாங்குவதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவுக்கு அன்பியம் என்று பெயர். வாரம் ஓர் அன்பியம் என முறை வைத்துக்கொண்டு வழிபாட்டைத் தயாரிக்கும் வழக்கம் தமிழகப் பங்குகளில் வேரூன்றிவிட்டது. ஆனாலும் இதையெல்லாம் சாமியாருக்குச் செய்யும் ஒத்தாசை என்றே பலரும் நினைக்கிறார்கள், செய்பவர்களும்கூட. பூசைக்கு மணியடித்த பிறகு ஒருவரைக் கைகாட்டி “நீ போய் வாசி” என்று அனுப்பும் பழக்கம் அந்த நினைப்பிலிருந்து வருவதுதான். இந்தக் கரையின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்கே செபத்தை முன்நின்று நடத்தியவர்கள் ஊர்க்காரர்கள். குருக்கள் ஊருக்கு ஊர் நிலையாகத் தங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கினார், மனப்பாடம் செய்தார், தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அடுத்து செய்ததையும் விவரிக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் பிரதி ஒன்றை விட்டு வந்தார். எழுதத் தெரிந்தவர்களைப் படியெடுத்து மனனம் செய்யச் சொன்னார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல ஓர் ஆளைப் பொறுப்பாக வைத்தார். அந்தப் பொறுப்பாளர்தான் கணக்கப்பிள்ளை. அவருக்கான ஊதியம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 4,000 பணத்திலிருந்து வந்தது. பெண்கள் சனிக்கிழமை கோயிலில் கூட வேண்டும், ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கூட வேண்டும் என்று சவேரியார் தம் உடன்பணியாளருக்கு எழுதிய அறிவுரையில் இருக்கிறது. குரு வந்தால் பூசை, வராவிட்டாலும் செபம் என்பதுதான் அந்த ஏற்பாடு. அது தேவைப்பட்டது என்பதற்கு மண்டபத்தை அடுத்த வேதாளையே சாட்சி. 1549இல் அங்கே படையெடுப்பில் கொல்லப்பட்ட அந்தோனியோ கிரிமினாலிதான் இயேசு சபையின் முதல் மறைசாட்சி. விரல்விட்டு எண்ணும் அளவே குருக்கள் இருந்த ஒரு கரையில், ஒருவர் இறந்தால் எத்தனை ஊருக்கு இழப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உள்நாட்டு மறவர் சீமையிலும் இதே கதைதான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1686இல், அவர் பிடிபட்டபோது அவரோடு சேர்ந்து வதைபட்ட, மறை கற்பிக்கும் பொதுநிலையினரான உபதேசியார்களை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. சேதுபதி ஆட்சியில் குரு நடமாட முடியாத காலங்களில் வீடுகளில் செபத்தை நடத்தியவர்களும் அவர்களே. வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை எழுதினார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் பேசப்படும் ஒரு நூல், சாதாரண உபதேசியாரின் பயிற்சிக்காகப் பிறந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையின் கனம் தெரிந்ததால்தான் அவர் அதற்கென்று ஒரு நூலே எழுதினார். பிறகு 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830களின் இறுதியில்தான் அதன் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சில குருக்களே இருந்த நிலையில், ஊர்க் கோயில்களில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும். ஜப்பானில் குருக்களே இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, 1865இல் நாகசாகியில் வெளிப்பட்ட கிறிஸ்தவர்களை உலகம் வியக்கிறது. அங்கும் திருநாள்களைக் கணக்கிட ஒருவர், திருமுழுக்குக் கொடுக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன. அந்த நாட்டுக்கு மறை கொண்டுபோனவரும் இதே சவேரியார்தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அது பஞ்ச காலத்து ஏற்பாடு. 1987இல் சிவகங்கை மறைமாவட்டம் உருவான பிறகு இந்தப் பகுதியில் பங்குகளும் குருக்களும் பெருகிவிட்டபோது, பழைய பொறுப்பை இன்னும் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆள் பற்றாக்குறையால் மட்டும் பிறந்த வேலை என்றால், ஆள் வந்ததும் அது தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்லவில்லை. வழிபாட்டில் முழுமையாக, உணர்ந்து, ஈடுபட்டுப் பங்கேற்பது திருமுழுக்கு பெற்ற ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் என்கிறது. பீடச்சிறாரும் வாசகர்களும் முன்னுரை சொல்பவர்களும் பாடகர் குழுவினரும் செய்வது உண்மையான வழிபாட்டுப் பணியே என்கிறது. ஒவ்வொருவரும் தமக்குரியதை முழுமையாகச் செய்ய வேண்டும், தமக்குரியதை மட்டுமே செய்ய வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. குருவின் இடத்தைப் பொதுநிலையினர் பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்தக் கடைசி வரியே பதில். எல்லைகள் தெளிவாக இருக்கும்போது யாரும் யாருடைய இடத்தையும் பிடிக்க வேண்டியதில்லை. வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகளை 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பொதுநிலை ஆண்களுக்குத் திறந்தார். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றைப் பெண்களுக்கும் திறந்தார். நம் கோயில்களில் எத்தனையோ ஆண்டுகளாக வாசகமேடை ஏறிவரும் பெண்களுக்கு அந்த ஆணை தாமதமாக வந்த அங்கீகாரம்.

உரிமை என்று ஆகிவிட்டால் தயாரிப்பு தானாகவே கடமையாகிறது. பெந்தகோஸ்து ஞாயிறின் முதல் வாசகத்தை எடுத்துக்கொள்வோம். திருத்தூதர் பணிகளிலிருந்து வரும் அந்தப் பகுதியில் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பம்பிலியா என்று ஊரும் இனமுமாக வரிசை நீள்கிறது. அந்தப் பக்கத்தை மேடையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் இரண்டாவது பெயரிலேயே தடுக்கி, மூன்றாவதை விழுங்கி, எப்படியாவது கரையேற அவசரப்படுவார். கேட்பவர்களுக்கு அது வாயில் நுழையாத பெயர்களின் குவியலாகவே போகும். அந்தப் பட்டியலில்தான் வாசகத்தின் உயிர் இருக்கிறது: இத்தனை தேசத்தாரும் தத்தம் மொழியில் கேட்டார்கள் என்பதைச் சொல்லவே அத்தனை பெயர்கள். நிதானமாக, ஒவ்வொரு பெயருக்கும் அதன் இடத்தைக் கொடுத்து வாசித்தால் கூட்டத்தின் பரப்பு கண்முன் விரியும். இதற்குப் பெரிய கல்வி வேண்டாம். வியாழனன்றே வாசகத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் மூன்று முறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, சனிக்கிழமை மாலை அதே மைக்கில் ஒரு முறை வாசிக்க வைத்தால் போதும். நியமனம் பெற்ற வாசகர் இல்லாதபோது தகுதியும் நல்ல தயாரிப்பும் உள்ள பொதுநிலையினர் வாசிக்கலாம் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்லும்போது, தயாரிப்பு என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது.

மன்றாட்டில் நிலைமை இன்னும் மோசம். அதே படிப்பினை மன்றாட்டுக்கு ஒரு வரிசை தருகிறது: திருச்சபைக்காக, ஆட்சியாளர்களுக்காகவும் உலகுக்காகவும், துன்புறுவோருக்காக, கடைசியில் இந்த ஊர்ச் சபைக்காக. முதல் மூன்றை யாரும் எங்கிருந்தும் எழுதி அனுப்பலாம். நான்காவதை அந்த ஊர்க்காரர்தான் எழுத முடியும். அச்சிட்ட ஏட்டிலிருந்து ஐந்து மன்றாட்டை அப்படியே படியெடுத்து வாசிக்கும்போது அந்த இடம் வெறுமையாகிறது. பாக் நீரிணையில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்கள், பறிமுதலான படகின் கடனை அடைக்கத் திணறும் குடும்பம், மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கக் கண்ணாடி மாட்டி மூழ்கும் பெண்கள் ஆகியோர் ராமேஸ்வரம் தீவுக் கோயில்களில் பெயரில்லாத ‘துன்புறுவோர்’ ஆகிவிடக் கூடாது. அந்த வாரத்து அன்பியம் ஒரு மாலை உட்கார்ந்து, இந்த வாரம் நம் தெருவில் யார் அழுதார்கள் என்று கேட்டு எழுதினால் மன்றாட்டு உண்மையாகும். மன்றாட்டு என்ற பெயரில் அரசியல் நுழையும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. யாரையும் தாக்காமல், துன்பப்படுபவரை மட்டும் சொல்லிச் செபிக்க முடியும். அதற்கான அளவும் பக்குவமும் பயிற்சியில் வரும்.

மக்களின் தயாரிப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா நல்ல உதாரணம். குடியிருப்போ குடிநீரோ இல்லாத தீவு அது. பழைய கோயிலை ராமநாதபுரம் பகுதி மீனவரான சீனிக்குப்பன் படையாட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதாகச் சொல்வார்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும் இந்தியப் பயணிகள் அங்கே போய்வரும் உரிமை எழுதிவைக்கப்பட்டது. திருவிழாவை நடத்தும் பொறுப்பு யாழ்ப்பாணம் மறைமாவட்டத்துடையது. இந்தப் பக்கத்துப் பயணத்தை வேர்க்கோடு பங்குத்தந்தையும் ஊராரும் ஒருங்கிணைக்கிறார்கள். முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. மறுநாள் காலை திருவிழாத் திருப்பலி. சேர்ந்து ஒத்திகை பார்க்காத இரண்டு நாட்டு மக்கள் அங்கே ஒன்றாக மன்றாடிப் பாடுகிறார்கள். அவரவர் ஊரில் ஞாயிறுதோறும் செய்து பழகியதால்தான் அது முடிகிறது. 2024இல் மீனவர்கள் இலங்கையில் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனைகளுக்கு எதிராகப் பயணத்தைப் புறக்கணித்தது வழிபாட்டின் மேல் அக்கறை இல்லாததால் அல்ல. இழப்பதற்கு மனம் வராத ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் எதிர்ப்பு எதிர்ப்பாகும்.

கடைசியாக ஒரு மறுப்பு, என் பார்வையில் மிகக் கனமானது. தயாரிப்பு, பயிற்சி என்று கறாராகப் பேசினால் மேடை ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மட்டுமே போய்விடாதா? கடலுக்குப் போகிறவருக்கு நேரம் ஏது? ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். மீனை இறக்கிக் கணக்கு முடிப்பதற்குள் பூசை முடிந்திருக்கும். இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் பயிற்சியைக் கைவிட்டால், ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்களே மேலும் மேலும் வாசிப்பார்கள். எழுத்து தெரியாதவர்கள் பாடலை எடுத்துக் கொடுக்கலாம், மன்றாட்டை மனத்திலிருந்தே சொல்லலாம். சவேரியார் காலத்தில் இந்தக் கரையில் பெரும்பாலோர் செபத்தைக் காதால் கேட்டே கற்றார்கள். விசைப்படகுக்காரர்களுக்கும் ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் அந்த இரண்டு மாதத்தில் ஆண்கள் ஊரில் இருக்கிறார்கள், பள்ளிகளுக்கும் விடுமுறை, பெந்தகோஸ்தும் எப்போதும் அதற்குள்தான் வருகிறது. மாலையில் ஒரு மணி நேரம், வாரம் இரண்டு நாள் என்று வைத்தாலே தடைக்காலம் முடிவதற்குள் பதினாறு வகுப்புகள் நடத்திவிடலாம். இதற்குப் பணம் பெரிதாக வேண்டாம். பங்குப் பேரவை ஏப்ரல் தொடக்கத்தில் உட்கார்ந்து நாளைக் குறித்து, ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் இதுவரை மேடை ஏறாத இருவர் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.