கைப்பேசி சொல்லும் பிரேக் கணக்கு

மோட்டார் சைக்கிள் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பீடோங், சுங்கைப் பட்டாணி மாணவர்களுக்கு அத்துப்படி. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். அதையும் அளக்கலாம்.

ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ‘ஃபைபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியின் அளவைக் காட்டும். மேசைமேல் சும்மா கிடந்தாலும் 9.8 என்று காட்டும். பழுதல்ல, அது புவியீர்ப்பின் பங்கு. கப்சாயில் வைத்தாலோ என்ஜின் அதிர்வில் வரைகோடு முள்வேலி ஆகிவிடும். ஆகவே வேகத்தை அளக்க அதே செயலியின் ஜிபிஎஸ் பகுதியே மேல்.

இனி கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். பிரேக் பிடித்ததும் வேகம் ஒவ்வொரு நொடியும் 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்க 28 மீட்டர் வேண்டும். வேகம் 90 என்றால் 62.5 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்குதான். தூரமோ இரண்டேகால் மடங்கு. மழையில் நனைந்த செம்பனைத் தோட்டப் பாதையில் அந்த 5 பாதியானால், தூரம் இன்னும் இரட்டிக்கும். மாடு குறுக்கே வந்ததைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் ஓடும் 25 மீட்டர் தனி.

சோதித்துப் பார்க்க, உரிமம் உள்ள பெரியவர் ஓட்டட்டும். ஆளில்லாத திடல், 40க்குள் வேகம். கைப்பேசி ஜிப் போட்ட பையில் இருக்கட்டும். வரைகோட்டை வண்டி நின்ற பிறகு பார்க்கலாம்.