சத்தமான சைலன்சர் உயிரைக் காக்குமா?

"பைக் உறுமினால்தான் கார்காரர் கவனிப்பார், உயிர் தப்பும்" என்று அமெரிக்காவில் பலர் இன்றும் வாதிடுகிறார்கள். உண்மையா?

ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தது. முக்கால்வாசிக்கும் மேற்பட்ட ஆபத்துகள் முன்னால்தான், நேர்த்திசைக்கு இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தன. சைலன்சரின் வாயோ பின்னோக்கி இருக்கிறது!

கூரிய ஒலி, குழாய் நோக்கும் திசையில்தான் வலுவாகப் போகும். அலைநீளம் அதிகமுள்ள அடிக்குரல் உறுமல் வளைந்து முன்னேயும் வரும். ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதன் திசை பிடிபடுவது கடினம். சத்தம் கேட்கும், பைக் எங்கே என்று தெரியாது. பக்கத்தில் ஒட்டி ஓடும்போது உறுமல் உதவலாம், அதை மறுக்கவில்லை.

பகலிலும் எரியும் முகப்பு விளக்கும், மஞ்சள், ஆரஞ்சு, பளிச்சிடும் சிவப்பு நிற மேல்சட்டையும் விபத்தைக் குறைப்பதாக அதே அறிக்கை சொன்னது. குழாய் மாற்றும் காசில் அப்படியொரு மேல்சட்டை வாங்குங்கள்.