கூரையில் சோலர், கூடத்தில் புழுக்கம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி கடந்த வேளை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறக்கூடாத இடத்தில் ஏறியது. சற்று நேரத்தில் இலங்கை முழுவதும் கரண்ட் போயிற்று. பாணந்துறை மேற்குக் கரையில். வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் ஏ-15 வீதியோர மாங்கேணி கிழக்குக் கரையில். அந்தக் குரங்குக்கும் மாங்கேணிக்கும் ஒரு கம்பிதான் உறவு. அது போதுமாக இருந்தது.

அன்று தீவெங்கும் கூரையில் சோலர் பூட்டிய வீடுகளிலும் ஃபேன் நின்றது, அதுவும் பட்டப்பகலில். சோலர் பழுதா என்று பலர் கேட்டார்கள். பழுதில்லை. பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், மின்சார சபைக் கம்பியில் செக்கனுக்கு 50 தடவை துடிக்கும் துடிப்பைக் கேட்டுத்தான் தாளம் போடும். அந்தத் துடிப்பு நின்றால் தானும் நிற்கும். நிற்க வேண்டும் என்பதே விதி. இல்லாவிட்டால், லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஊழியரை யாரோ ஒருவர் வீட்டுக் கூரை கொன்றுவிடும். சோலர் விற்கிறவர்கள் இதை உரத்துச் சொல்வது குறைவு.

பற்றரியை ஏன் அப்போதே வாங்கவில்லை? தேவைப்படவில்லை. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ தொடங்கியபோது மின்சார சபையே பற்றரியாக இருந்தது. வெள்ளாமை வெட்டிய கையோடு நெல்லை ஊர்ப் பட்டறையில் கொட்டிவிட்டு, வேண்டும்போது அளந்து வாங்குவதுபோல. ‘நெட் மீற்றரிங்’ முறையில் பகலில் கொடுத்த யூனிற்றை இரவில் திருப்பி எடுக்கலாம். மிஞ்சியது அடுத்த மாதக் கணக்கில் சேரும். அப்போது ‘நெட் அக்கவுண்டிங்’ என்றால் மிஞ்சிய யூனிற்றுக்குக் காசு: முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15 ரூபாய் 50 சதம்.

பட்டறை நிரம்பிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, வெயிலோ கொளுத்த, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பெப்ரவரி மின்தடையின் பாடம் அதற்குள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாவனை குறைவு, சோலர் அதிகம். ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்கிப் பிடிக்க, சுழலும் கனத்த எந்திரங்கள் போதிய அளவில் ஓடவில்லை.

விலையும் அதையே பேசத் தொடங்கியது. அந்த வருடம் புதிதாகப் பூட்டும் 5 கிலோவாற் வரையான கூரைக்கு யூனிற்றுக்கு 20 ரூபாய் 90 சதம். பகலில் பற்றரியில் சேர்த்து இரவு உச்ச நேரத்தில் கொடுத்தால் 45 ரூபாய் 80 சதம். அதே வெயில்தான். இருட்டியபின் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் பெறுமதி.

மாங்கேணியில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்ப்போம். 3 கிலோவாற் கூரை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிற் தரும். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலைந்து எல்.ஈ.டி. லைட், ஃபோன் சார்ஜ் என்று ஓர் இரவுக்கு இரண்டு, மூன்று யூனிற் போகும். 5 யூனிற் கொள்ளும் லித்தியம் பற்றரி அதற்குத் தாராளம். பழைய ஈய அமிலப் பற்றரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதையே நம்பினால் இரட்டிப்பாக வாங்க வேண்டும். மீன்பிடிக் கரையில் ஃபிரிட்ஜ் அரை நாள் நின்றால் வரும் நட்டம் எந்த விலைப் பட்டியலிலும் இராது.

அப்படியானால் மின்சார சபைக் கம்பியை வெட்டிவிடலாமா? மட்டக்களப்பின் மாரி அதற்கு விடாது. நவம்பரில் மழை இறங்கினால் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். பெரிய புயல்கள் சிலவும் அந்த மாதத்தில் வந்திருக்கின்றன. 1978 நவம்பர் 23 இரவை மட்டக்களப்பார் மறக்கவில்லை. 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல் வந்தது. இங்கேதான் சோலர், பற்றரி, கம்பி மூன்றோடும் சேர்ந்து இயங்கும் ‘ஹைபிரிட்’ இன்வேட்டருக்கு வேலை. புயல் எச்சரிக்கை கேட்டதும் கம்பியிலிருந்தே பற்றரியை நிரப்பி வைக்கலாம். கம்பி அறுந்தால் அந்த இன்வேட்டர் வெளித் தொடர்பைத் துண்டித்து, வீட்டுக்குள் மட்டும் தன் துடிப்பை உண்டாக்கி ஓடும். கம்பத்தில் ஏறும் ஊழியருக்கு ஆபத்தில்லை. கடற்காற்றின் உப்பு மட்டும் சமரசத்துக்கு வராது. சாதாரண இரும்பு ஆணி துருவேறி, அதில் பூட்டிய சோலர் தகடுகள் அடுத்த காற்றோடு போய்விடும்.

வயரிங்கில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எதைப் பற்றரிப் பக்கம் போடுவது? லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் போடலாம். தண்ணீர் மோட்டர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைப்போலப் பல மடங்கு கரண்டை இழுத்துச் சிறிய இன்வேட்டரை விழுத்திவிடும். அதைப் பெரும்பாலும் மின்சார சபைப் பக்கமே விடுவார்கள். கரண்ட் இல்லாத நாளில் உள்ளே ஃபேன் சுற்றும், ஃபிரிட்ஜ் குளிரும். கிணற்றடியில் மட்டும் வாளியும் கயிறும்.