வைக்கோலை விற்கும் முன் கணக்குப் பாருங்கள்

நெல்லை மூட்டை பிடித்து எடை போட்டு விற்கும் நம் உழவர்கள், வைக்கோலை மட்டும் "ஏக்கருக்கு இவ்வளவு" என்று கண்மதிப்பில் கொடுத்துவிடுகின்றனர். கறவை மாடு வைத்திருப்போரும் காளான் வளர்ப்போரும் இதைத் தேடி வருகின்றனர். ஆகவே வைக்கோலையும் ஒரு விளைபொருளாகவே கருதி விற்க வேண்டும்.

வீட்டுத் தேவை

ஏக்கருக்கு 2 டன் நெல் கண்டால், ஏறக்குறைய அதே எடை வைக்கோலும் விளைந்திருக்கும். இயந்திர அறுவடையில் ஒரு பகுதி தாளாக வயலிலேயே நின்றுவிடும். நாளொன்றுக்கு 6 கிலோ தின்னும் மாட்டுக்கு ஆண்டுக்கு 2 டன்னுக்கு மேல் தேவை. அதை முதலில் ஒதுக்குங்கள். அறுவடையில் மலிவாக விற்று, கோடையில் கூடுதல் விலைக்கு வாங்குவது நட்டமே.

வயல் இழக்கும் சத்து

நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் உள்ளது. ஒரு டன் வைக்கோலுடன் 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும், 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் வயலை விட்டுப் போகின்றன. உரக் கணக்கில் இது 23 முதல் 33 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷுக்கும், 11 முதல் 17 கிலோ யூரியாவுக்கும் சமம்.

விலை பேசும் முறை

இந்த உரத்தின் அன்றைய விலையோடு, கட்டுக் கட்டும் கூலியையும் ஏற்றுகூலியையும் கூட்டுங்கள். அதற்கு மேல் கிடைப்பதே உண்மையான லாபம். அந்த அளவுக்கும் விலை வராவிட்டால் மடக்கி உழுவதே மேல். எரிக்க வேண்டாம், தழைச்சத்து புகையாகப் போய்விடும்.

நாலைந்து கட்டுகளை நிறுத்து, சராசரி எடை கண்டு விலை பேசுங்கள். நன்கு காய்ந்த பிறகே கட்டுங்கள். ஈரக்கட்டு உள்ளே சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கும்; அதை மாட்டுக்குப் போடக்கூடாது. போரை மேடான இடத்தில், தண்ணீர் வடியும்படி கூரைபோல் சரித்து வேயுங்கள். மின்கம்பிக்கு அடியில் போர் போடாதீர்கள்.

அருகிலுள்ள மாட்டுக்காரருக்கு விற்றால், சாணத்தையும் மூத்திரம் ஊறிய குப்பையையும் திரும்பத் தரும்படி பேசுங்கள். வைக்கோலில் போன சாம்பல் சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் வெளிவருகிறது. மண் பரிசோதனை செய்து, குறைவதை அடுத்த பயிருக்கு இடுங்கள்.

வைக்கோல் பணத்தில் ஒரு பங்கு வயலுக்குச் சேர வேண்டியது என்பதை மறவாதீர்கள்.