இரவல் சட்டை அணிந்த எமன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மஞ்சட்காமாலை என்றால் எங்கள் ஊரில் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள். கண் வெளுத்ததும் நோய் போயிற்று என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் ஹெபடைடிஸ் 'பி' வைரஸ், கண்ணில் மஞ்சளே காட்டாமல் கல்லீரலில் பல்லாண்டுகள் குடியிருக்கும் என்று படித்தபோது திடுக்கிட்டேன்.

அந்த வீட்டிற்கு ஒரு விருந்தாளியும் உண்டு. இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் மாரியோ ரிஸெட்டோ 1977-இல் அறிவித்த டெல்டா என்னும் 'டி' வைரஸ்தான் அது. தனக்கென உறை செய்துகொள்ள அதற்குத் தெரியாது. 'பி' வைரஸின் மேலுறைப் புரதத்தை இரவல் சட்டையாக அணிந்தே அடுத்த உயிரணுவுக்குள் நுழையும். ஆகவே 'பி' இல்லாதவரிடம் 'டி' நிலைக்காது.

இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் ஓயாமல் புண்பட்டுத் தழும்பேறிச் சுருங்கும். அழிந்தவற்றை ஈடுசெய்ய உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிகையில் மரபுப் பிழைகள் சேர்ந்து புற்று முளைக்கும். 'பி' மட்டும் உள்ளவரைவிட இவர்களுக்குப் புற்று அபாயம் 2 முதல் 6 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது.

'பி' தடுப்பூசி அந்தச் சட்டையையே அடையாளம் காட்டிக் கொடுப்பதால் இரண்டையும் தடுக்கும். தைவான் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியபின், அங்கே சிறுவரின் கல்லீரல் புற்று குறைந்தது. இந்தியா முழுவதற்கும் இது விரிந்தது 2011-இல். நம்மில் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள்.

என் தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டேன். "எங்கே போயிற்றோ" என்றார். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, நோயிருந்தால் மருத்துவரையும் இல்லையெனில் ஊசியையும் நாடுவேன். நண்பர்களே, இன்றே உங்கள் வீட்டிலும் கேளுங்கள்!