எடை குறைந்த ஃப்ளைவீல் யாருக்கு?

சேத்தியாத்தோப்பில் கருப்பஞ்சாறு பிழியும் இயந்திரத்தைக் கவனியுங்கள். கட்டைக் கரும்பு நுழையும்போதும் திணறாமல் காப்பது அதன் பெருஞ்சக்கரத்தின் கனம். கார் எஞ்சினில் ஃப்ளைவீலின் பணியும் அதுவே.

அதன் எடையைக் குறைத்தால் எஞ்சின் சட்டென வேகமெடுக்கும், குதிரைத்திறன் கூடாது. பயனும் கீழ்க் கியர்களில்தான் மிகுதி: முதல் கியரின் விகிதம் ஐந்தாவதைப்போல் 4 மடங்கு எனில், பயன் 16 மடங்கு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வளைவுதோறும் கியர் குறைப்பவருக்கு அது பொருளுடையது. ஆலைக்குச் செல்லும் கரும்பு டிராக்டரின் பின்னால் ஊர்பவருக்கோ, நிற்கையில் எஞ்சின் நடுங்கும். கிளட்சை விடுகையில் அணைந்துபோகும்.

நான் அஞ்சுவது வேறொன்று: செலவை மிச்சப்படுத்த, பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தையே லேத்தில் கடைந்து மெலிதாக்குவது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது பிளந்தால், துண்டுகள் கிளட்ச் கூட்டையும் துளைத்து வெளியேறக்கூடும்.